தராசு வேனின் சத்தம்

அக்டோபர் 20, ஞாயிறு

வேனின் சத்தத்தைக் குறைக்கலாம் என்று இருக்கிறேன். என்ன செய்தேன், எவ்வளவு குறைந்தது என்று எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டும். பட்டறை மேசையில் இது கிடந்தது. முதல் நாலு பக்கத்தில் செல்வின் ஏதோ சர்க்யூட் படம் போட்டிருக்கிறான். கிழிக்கவில்லை. ஐந்தாம் பக்கத்தில் ஆரம்பிக்கிறேன்.

வேன் பதினோரு வருடப் பழசு. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுத் தராசு ரிப்பேர் சாமான்களை ஏற்றியிருக்கிறோம். இருபது கிலோ இரும்புப் படிக்கல் பத்து, ஐந்து கிலோ நாலு, டூல் பெட்டி இரண்டு, உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு சின்ன மேசை. மளிகைக் கடை, ரேஷன் கடை, வாழைத்தார் மண்டி, உப்புக் கம்பெனி என்று எங்கே தராசு கெட்டாலும் போய்ச் சரிசெய்வோம். அரசாங்கத்தின் வருடாந்தர முத்திரைக்குக் கொண்டுபோவதும் நாங்கள்தான். நாங்கள் என்றால் நானும் தம்பி செல்வினும். ஓட்டுவதும் இரும்பு வேலையும் என்னுடையது. போர்டு, எலெக்ட்ரானிக் வேலை அவனுடையது.

அவன் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. நெஞ்சுவலி. பட்டறையில் தனியாக இருந்தபோது.

அக்டோபர் 21, திங்கள்

முதலில் அளந்தேன். போனில் சத்தம் அளக்கிற ஆப் ஒன்று இருக்கிறது. நின்றபடி எஞ்சின் ஓடும்போது 66 டெசிபல். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் 77. அறுபதில் 84.

அளந்தது திருநெல்வேலி ரோட்டில், வல்லநாட்டிலிருந்து வாகைக்குளம் வரை. இனி எப்போது அளந்தாலும் அந்தத் துண்டில்தான் அளக்க வேண்டும். ரோடு மாறினால் கணக்கு மாறிவிடும்.

பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை அதே துண்டில் வந்தேன். மூன்றே முக்காலுக்கு மேல் மூன்று தடவை கூப்பிடச் சொல்லி என் மனைவி சுகந்தியிடம் சொல்லியிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பையில் அதிர்வதும் தெரியவில்லை. வேனே அதிர்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"மூணு தடவ அடிச்சேன். எடுக்கவே இல்லியே?"

"கேக்குதான்னு பாக்கத்தான் அடிக்கச் சொன்னேன்."

"அதுக்கு வல்லநாடு வரைக்கும் போவணுமா? நம்ம தெருவுல பாத்தா ஆவாதா?"

தெருவில் அறுபதில் போக முடியாது என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அரிசி களையப் போய்விட்டாள்.

அக்டோபர் 23, புதன்

வேனைக் காலிசெய்து பார்த்தேன். பாதிச் சத்தம் படிக்கற்கள் ஒன்றோடொன்று இடிப்பதில் வருகிறது. மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற கனமான ரப்பர் மேட் வாங்கி அடியில் போட்டேன். பலகையில் பதினாலு பள்ளம் வெட்டி ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக உட்காரவைத்தேன். கைப்பிடிகளில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினேன். டூல் பெட்டிகளுக்குள் சாக்குத் துணி.

அறுபதில் 82. இரண்டுதான் குறைந்தது. ஆனால் கல் சத்தம் போனதும் பக்கக் கதவு ஆடுகிற சத்தம் கேட்கிறது. இத்தனை வருடம் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அக்டோபர் 24, வியாழன்

ஏரல் வாழைத்தார் மண்டியிலிருந்து போன். பெரிய தராசில் எண் நிற்காமல் ஓடுகிறதாம். போர்டு வேலை. வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 26, சனி

சீட் கவர் கடை நசீர் பாயிடம் போனேன். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் தார் மாதிரி ஒட்டுகிற கறுப்புப் பசை. அந்த ஷீட்டை எடுத்துக் காட்டினார்.

"இது சத்தத்த அடைக்காது, பாத்துக்கிடுங்க. தகரம் துடிக்கிறத நிறுத்தும், அவ்வளவுதான். உள்ள வர்ற சத்தத்துக்கு இதுக்கு மேல ஃபோம் போடணும். ஃபோம் மட்டும் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. ரெண்டும் வேணும்."

முழுக்க ஒட்ட வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். கதவிலும் கூரையிலும் தகரத்தின் நடுப்பகுதியில் பாதி ஒட்டினாலே போதும், தரையிலும் சக்கரத்துக்கு மேலேயும் மட்டும் முழுக்க என்றார்.

ஷீட்டைச் சுருட்டிக் கட்டும்போது, "செல்வின் தம்பிக்கு என்ன வயசு?" என்றார்.

முப்பத்தொன்பது என்றேன். ஒட்டுவதற்கு ஒரு ரோலரைத் தானே எடுத்துப் பையில் வைத்தார். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதுமாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. சுகந்தி மட்டும் போனாள்.

வண்டியோடு வந்த பழைய தரை மேட்டை எடுத்தேன். அடியில் ஈயத் துணுக்குகள், ஒரு பேனா மூடி, நாலைந்து ஸ்க்ரூ. கூட்டி அள்ளிப் போட்டேன். துருவைச் சுரண்டித் தின்னரால் துடைத்துக் காயவிட்டேன்.

அக்டோபர் 30, புதன்

மூன்று நாளாக ஷீட் ஒட்டுகிறேன். வெயிலில் வைத்தால் இளகி நன்றாகப் பிடிக்கிறது. ரோலரால் அழுத்த அழுத்த அலுமினியத் தாளில் இருக்கிற வரிக்கோடு மறைய வேண்டும். மறைந்தால் ஒட்டிவிட்டது என்று அர்த்தம்.

விரலால் தட்டிப் பார்த்தேன். ஒட்டாத தகரம் டங் என்கிறது. ஒட்டிய தகரம் டப் என்று நின்றுவிடுகிறது.

கை விரலெல்லாம் வெட்டு. அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கிறது. ரத்தம் வந்ததைச் சுகந்தி சொல்லித்தான் பார்த்தேன். வலிக்கவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

மழை. இடது கதவுக்குள் தண்ணீர் தேங்கிக் களக் களக் என்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை நானே ஷீட்டால் மூடியிருக்கிறேன். கத்தியால் அறுத்துத் திறந்துவிட்டேன். ஒரு சொம்பு தண்ணீர் இறங்கியது. வடிய வேண்டிய இடத்தை அடைக்கக் கூடாது. நாலு கதவிலும் பார்த்துச் சரிசெய்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

கூரைக்கும் பக்கங்களுக்கும் ஃபோம். கண்ணாடிப் பஞ்சு மலிவு என்றார்கள். உப்புக் காற்றில் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உடம்பெல்லாம் அரிக்கும். ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம்தான் தண்ணீர் குடிக்காது. அதையே ஒட்டினேன். மத்தியானம் கூரைக்கு அடியில் கைவைத்தால் முன்பு சுடும். இப்போது சுடவில்லை.

வேலைக்குப் போகாமல் எத்தனை நாள் இதையே செய்வதாக உத்தேசம் என்று சுகந்தி கேட்டாள். இன்னும் எஞ்சின் மூடி இருக்கிறது, கதவு ரப்பர் இருக்கிறது என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

வல்லநாடு – வாகைக்குளம். அறுபதில் 76.

சுகந்தி மூன்று தடவை கூப்பிட்டாள். ஒன்று கேட்டது.

நவம்பர் 18, திங்கள்

நாற்பதாம் நாள் ஜெபம், செல்வின் வீட்டில். சபை ஐயர் வந்து ஜெபித்தார். நாசரேத்திலிருந்து ரெஜினா அக்கா வந்திருந்தாள். எங்கள் மூவரில் மூத்தவள். எல்லாருக்கும் காதில் விழுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குன்னு பாத்து அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. இவ இங்கன இருந்திருந்தா எந்தம்பி ஆஸ்பத்திரிக்காவது போய்ச் சேந்திருப்பான்."

இவள் என்றது செல்வின் மனைவி எப்சிபாவை. எப்சி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை. நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எல்லாரும் போன பிறகு எப்சி வாசலுக்கு வந்தாள்.

"அத்தான், ஏரல் மண்டித் தராச வேற யாரும் பாத்துட்டாங்களா?"

"தெரியல."

"நான் பாக்கட்டா?"

அவள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். வீட்டுக்குக் கொண்டுவருகிற போர்டுகளைச் செல்வினோடு உட்கார்ந்து பார்ப்பாள் என்பது தெரியும். அதை ஒரு வேலையாக நான் நினைத்ததில்லை.

"வண்டியில சூடு, சத்தம். ஒனக்குத் தலைவலி வரும்."

"அதான் சத்தத்தக் குறைக்கீங்களாமே. சுகந்தி அக்கா சொன்னாவ."

சரி என்றேன்.

நவம்பர் 21, வியாழன்

ஏரல். மண்டிக்காரர் எப்சியைப் பார்த்துவிட்டு என்னிடம், "தம்பி வரலியா?" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் எப்சியே சொன்னாள்.

"அவரு தவறிட்டாரு. நான் அவரு வீட்டுக்காரி. தராசு எங்க இருக்கு?"

தராசைக் கவிழ்த்து, ஒயர் ஒயராக மீட்டர் வைத்துப் பார்த்தாள். எடையைத் தாங்குகிற செல்லிலிருந்து வரும் ஒயரை எலி கடித்திருந்தது. வேனுக்குள் மேசையில் உட்கார்ந்து ஒட்டினாள். நான் படிக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். இருபது, நாற்பது, அறுபது என்று எண் நின்றது. இருநூறு வரை பத்துக் கிராம்கூட ஓடவில்லை.

திரும்பும்போது இருவரும் பேசவில்லை. முன்பும் இந்த வண்டியில் யாரும் பேசியதில்லை. கத்தினால்தான் கேட்கும்.

நவம்பர் 25, திங்கள்

சீட்டுக்கு அடியிலுள்ள எஞ்சின் மூடியில் வெப்பம் தாங்கும் பாய் ஒட்டினேன். கதவுகளைச் சுற்றிப் புது ரப்பர். பழையது கல் மாதிரி இறுகிக் கிடந்தது. தரையில் ஃபோமுக்கு மேல் கனமான மேட்.

வல்லநாடு – வாகைக்குளம். அறுபதில் 72.

மூன்றும் கேட்டது. முதலாவது கேட்டதும் வண்டியை ஓரம் கட்டினேன். எடுக்கவில்லை. இரண்டாவது அடித்து ஓய்ந்தது. மூன்றாவது ஓய்ந்த பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது.

இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று சுகந்தியிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

நசீர் பாயிடம் ரோலரைக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 4, புதன்

பெரிய சத்தம் போனதும் சின்னச் சத்தமெல்லாம் வெளியே வருகிறது. பின்சக்கரத்தில் லேசாக ஒரு முனகல். பேரிங். மாற்றினேன். இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் சக்கரம் இறுகி நின்றிருக்கும் என்றார் மெக்கானிக். எத்தனை நாளாக முனகிக்கொண்டிருந்ததோ.

டிசம்பர் 12, வியாழன்

ஸ்ரீவைகுண்டம் பக்கம் மூன்று ரேஷன் கடை. முதல் கடை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் ஓரம் வண்டியை நிறுத்திச் சாப்பாட்டைத் திறந்தோம். எப்சி முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள்.

"இவ்வளவு மழ பெய்யுது. உள்ள ஒண்ணுமே கேக்கல" என்றாள். அப்புறம், "இதெல்லாம் யாருக்காக அத்தான்?"

"ஒனக்குத்தான். தலைவலி வரும்லா."

"நான் வாரேன்னு சொல்லுததுக்கு முந்தியே பாதி ஒட்டியாச்சே."

குழம்பு டப்பாவைத் திறந்தேன். அவள் விடவில்லை. சாப்பாட்டில் கைவைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாளாக எழுதவில்லை. அவளிடம் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

"மூணு தடவ கூப்பிட்டான், எப்சி. மூணு நாப்பத்திரண்டு. மூணு நாப்பத்திநாலு. மூணு அம்பத்தொண்ணு. நான் திருநெல்வேலிக்குப் போயிட்டு வல்லநாடு தாண்டி வந்துகிட்டிருந்தேன். போன் பையிலதான் கெடந்துச்சு. கேக்கல. வாகைக்குளமும் தாண்டி, இந்தப் பக்கத்துப் புதுக்கோட்டையில டீக்கு நிறுத்தினப்பதான் பாத்தேன். திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கல. வேலையா இருக்கான் போலன்னு நெனச்சி, டீயக் குடிச்சிட்டுத்தான் வந்தேன். முழுசாக் குடிச்சேன்."

"தெரியும்" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அவரு போன் எங்கிட்டதான இருக்கு? அன்னைக்கு சாயந்தரமே பாத்துட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கண்ணாடியில் மழை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள்.

"அதுல ஒங்க பேரு மட்டும் இல்ல அத்தான். மூணு முப்பத்தெட்டுக்கு என் பேரு. மூணு நாப்பத்தேழுக்கு மறுபடி என் பேரு. காலையில சண்ட போட்டுட்டுத்தான் சாத்தாங்குளம் போனேன். அம்மா வீட்டுக் கட்டில்ல உக்காந்திருக்கேன், போன் கையில இருக்கு, பேரு தெரியுது. கெடந்து அடிக்கட்டும்னு கவுத்துப் போட்டேன்." பாட்டிலைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்குக் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு."

"சாப்பிடு" என்றேன். சோறு ஆறிப்போயிருந்தது. இருவரும் சாப்பிட்டோம். மழை விட்டதும் மீதி இரண்டு கடைகளையும் முடித்தோம்.

டிசம்பர் 13, வெள்ளி

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

பழையகாயல் உப்புக் கம்பெனி. நாலு தராசு. நாலும் சரி.

டிசம்பர் 26, வியாழன்

இந்த வருடம் கிறிஸ்துமஸ் இல்லை. ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. ஆனாலும் இன்றைக்கு மத்தியானம் எல்லாரும் வந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று ரெஜினா அக்கா சொல்லியிருந்தாள். சுகந்தி, எப்சி, நான் மூவரும் வேனில் நாசரேத் போனோம்.

எப்சிதான் பரிமாறினாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"போன வருஷம் இதே எடத்துலதான் உக்காந்து சாப்பிட்டான். ஆறு துண்டு கறி தின்னான். கட்டினவ பக்கத்துல இருந்திருந்தா இன்னைக்கும் இருந்திருப்பான். சாவப் போறவன் யாரயாவது கூப்புட்டிருக்க மாட்டானா? எடுக்க ஆளு வேண்டாமா?"

எப்சி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி என் இலைக்கு மேலே நின்றுவிட்டது. அவள் வாய் திறக்கப்போவது தெரிந்தது. அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"என்னயத்தான் கூப்பிட்டான்க்கா."

அக்கா நிமிர்ந்தாள்.

"மூணு தடவ கூப்பிட்டான். நான் எடுக்கல."

"ஏன்ல?"

"வண்டிச் சத்தத்துல கேக்கல."

அக்கா எழுந்து வந்தாள். எச்சில் கையோடு என் தோளில் ஓங்கி அடித்தாள். மறுபடி அடித்தாள். "ஏல சாலமோன், சாலமோன்" என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டே அடித்தாள். அப்புறம் அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அடி வலித்தது. வலிக்கிறது என்பதை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுகந்தி இலையைப் பார்த்தபடி, "மூணு தடவ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எழுந்து போய் அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். போகிற வழியில் என் முதுகில் ஒரு நிமிடம் கைவைத்தாள்.

அக்காவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. சுகந்தி அங்கேயே தங்கிவிட்டாள். மூன்று மணிக்கு நானும் எப்சியும் கிளம்பினோம்.

குரும்பூர் தாண்டினோம். அவள்தான் ஆரம்பித்தாள்.

"நான் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன்."

"தெரியும்."

"ஏன் தடுத்தீங்க?"

"அக்கா கையி பெலமான கையி. அடி வாங்க ஒரு ஆளு போதும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு பக்கமும் வாழை. வண்டி அறுபதில் போய்க்கொண்டிருந்தது. அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

"அன்னைக்குக் காலையில என்ன சண்டன்னு நீங்க கேக்கவே இல்லியே."

"புருஷன் பொண்டாட்டிச் சண்ட. நான் எதுக்குக் கேக்க?"

"ஒங்கள வச்சுத்தான் சண்ட." சேலை நுனியை விரலில் சுற்றினாள். "நானும் வண்டியில வேலைக்கு வாரேன், அத்தான்ட்ட ஒரு வார்த்த கேளுங்கன்னேன். ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்தேன். அன்னைக்கும் கேக்க மாட்டேன்னாரு. ஒங்க அண்ணன்னா ஒங்களுக்கு அவ்வளவு பயமான்னு சொல்லிட்டுப் பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டேன்."

எதிரே வந்த பஸ்ஸுக்கு ஓரம் ஒதுங்கினேன்.

"அவரு கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லிருப்பீங்க அத்தான்?"

சரி என்று சொல்லியிருப்பேன் என்பதுதான் வாயில் வந்தது. அதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, இல்லை கேட்காமல் போன செல்வின் மேல் கோபம் கூடுமா என்று யோசித்தேன். ஆத்தூர் பாலம் வரை யோசித்தேன். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. பாலம் தாண்டியதும் உள்ளதைச் சொன்னேன்.

"வேண்டாம்னுதான் சொல்லிருப்பேன்."

சத்தமே இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

"அதத்தான் அத்தான் அவரும் சொன்னாரு! 'அண்ணன்ட்ட எதுக்குக் கேக்க? வேண்டாம்னுதான் சொல்லுவான். அவனப் பத்தி எனக்குத் தெரியாதா'ன்னாரு. நான்தான் நம்பல."

செல்வின் பேசுகிற மாதிரியே, மூக்கால் இழுத்துச் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எழுபத்தெட்டு நாளுக்கு அப்புறம். முதலில் அது சிரிப்புதானா என்று எனக்கே தெரியவில்லை. முக்காணி தாண்டிப் பழையகாயல் வரை இருவருக்கும் நிற்கவில்லை. உப்பளங்கள் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான். வண்டியை நிறுத்தவில்லை. முப்பதுக்குக் குறைத்து ஓரமாக ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள்.

அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கதவைச் சாத்தப் போனவள் மறுபடி திறந்தாள்.

"நாளைக்கு எத்தன மணிக்கு அத்தான்?"

"எட்டு."

"எட்டா? எட்டே காலுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.